பெயர் அதேதான், ஆட்டம் மட்டும் ஏன் வேறாகிறது?

பேய்களைச் சுட்டு வீழ்த்தும், 2016இல் வந்த டூம் கேமை முடித்த கையோடு அதன் அடுத்த பாகமான டூம் எடர்னலைத் தொடங்கியதாகவும், அதே நாயகன், அதே பேய்கள், முன்னைவிடச் செறிவான காட்சிகள் என எல்லாம் இருந்தும் முதல் சில மணி நேரம் வேறு யாரோ செய்த கேமை ஆடுவதுபோல இருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். மாறியிருப்பது கேமா, ஆடுகிற நீங்களா என்பது உங்கள் கேள்வி. இரண்டும் மாறியிருக்கின்றன. ஆனால் பெரும் பங்கு கேமினுடையது. அது எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைத்துக் காட்டவும் முடியும். ஒரு கேமின் சுவை அது நமக்கு அள்ளித் தருபவற்றில் இருப்பதாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். கேம் உருவாக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் கண்டது, அந்தச் சுவையில் பெரும் பகுதி அது தர மறுப்பவற்றில், அதாவது அதன் தடைகளில் ஊறியிருக்கிறது என்பதே. இரண்டாம் பாகம் எந்தத் தடையை நீக்கியது, எதைப் புதிதாகக் கொண்டுவந்து வைத்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலில் உங்கள் டூமையே எடுத்துக்கொள்வோம். 2016 டூமில் சூப்பர் ஷாட்கன் கைக்கு வந்த பிறகு மீதிக் கேமை ஏறக்குறைய அந்த ஒரே துப்பாக்கியால் முடித்தவர்கள் ஏராளம். தோட்டாவுக்குப் பஞ்சம் இல்லை. எந்தப் பேயை எதனால் சுடுவது என்பது ஆடுபவரின் விருப்பம். 2020இல் எடர்னலைச் செய்ததும் அதே இட் சாஃப்ட்வேர் நிறுவனம்தான், இயக்கியவரும் அதே ஹ்யூகோ மார்ட்டின்தான். ஆனால் ஒவ்வொரு துப்பாக்கியிலும் வைத்துக்கொள்ளக்கூடிய தோட்டாவின் அளவை அவர்கள் வேண்டுமென்றே இறுக்கிவிட்டார்கள். சில முறை சுட்டதும் தோட்டா தீர்ந்துவிடும். தீர்ந்தால் சிறிய பேய் ஒன்றைத் தேடிச் சங்கிலி ரம்பத்தால் அறுத்தால்தான் மீண்டும் கிடைக்கும். கவசம் தேவையென்றால் தோளில் உள்ள கருவியால் எதிரிக்குத் தீ வைத்துவிட்டு அடிக்க வேண்டும். உயிர் தேவையென்றால் குற்றுயிராய்த் தள்ளாடும் பேயை நெருங்கிச் சென்று கையால் முடிக்க வேண்டும். இதற்கு மேல், ஒவ்வொரு பேய்க்கும் ஒரு பலவீனம்: காக்கோடீமனின் வாய்க்குள் குண்டை வீச வேண்டும், அராக்னோட்ரானின் முதுகிலுள்ள பீரங்கியைக் குறி பார்த்து உடைக்க வேண்டும், மராடரை அவன் கண் பச்சையாக மின்னும் அந்த நொடியில் மட்டுமே காயப்படுத்த முடியும். 2016இல் உங்கள் மனம் "யாரை அடுத்துச் சுடலாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தது. எடர்னலில் அது "எனக்கு இப்போது எது குறைகிறது, அதை யாரிடமிருந்து பறிப்பது" என்று கேட்கிறது. கை ஒரே வேலையைச் செய்தாலும் மூளை செய்யும் வேலை வேறு. உங்களுக்கு ஏற்பட்ட அந்நியத்தன்மை இங்கிருந்துதான் வருகிறது. இசையும் படமும் எத்தனை ஒத்திருந்தாலும் அதைப் போக்கியிருக்க முடியாது.

சென்னையில் தெருக்களில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. எதிர்வீட்டுக் காம்பவுண்டுக்குள் நேராக அடித்தால் அவுட், ஒரு குத்துக் குத்தி வந்த பந்தை ஒரே கையில் பிடித்தாலும் அவுட் என்பவை தெருவின் இடுக்கத்தால் வந்த விதிகள். அந்த விதிகளுக்காகவே பந்தைத் தரையோடு தட்டி ஓட்டம் எடுக்கும் ஒரு தனிக் கலையை அந்தப் பையன்கள் வளர்த்திருப்பார்கள். அதே பையன்களை தி.நகர் சோமசுந்தரம் மைதானத்துக்கு அழைத்துச் சென்று, அதே மட்டையையும் அதே ரப்பர் பந்தையும் கொடுத்தால், அங்கே அவர்கள் ஆடுவது வேறு விளையாட்டு. யாரும் எதையும் கெடுக்கவில்லை. சுவர் இல்லை, அவ்வளவுதான்.

முதல் பாகங்களின் தடைகளில் பல, யாரும் திட்டமிட்டு வைத்தவை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். தொண்ணூறுகளில் இங்கே பள்ளிக் கணினி வகுப்புகளில் பலரும் ஆடிய பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காகச் செய்தார். அது 1989இல் வெளிவந்தது. தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படமெடுத்து, அந்தப் படங்களின் மேல் கோடு இழுத்து இளவரசனின் அசைவுகளை உருவாக்கினார். அதனால்தான் அந்த இளவரசனுக்கு உடல் எடை இருந்தது: ஓடும்போது பொத்தானை விட்டால் உடனே நிற்க மாட்டான், இரண்டடி சறுக்கித்தான் நிற்பான்; பள்ளத்துக்கு முன் எத்தனை அடி இருக்கிறது என்று எண்ணித்தான் தாவ வேண்டும். ஆனால் இந்த அசைவுப் படங்களே நினைவகத்தை நிரப்பிவிட்டதால் எதிரிகளுக்கென்று புதிய உருவங்களை வைக்க இடம் இல்லை. அப்போது அவர் இளவரசனின் படங்களையே ஒரு சிறிய கணக்கால் திரித்து, மின்னி மின்னி மறையும் நிழலுருவம் ஒன்றைப் படைத்தார். புதிதாக ஒரு படமும் தேவைப்படவில்லை. கண்ணாடியை உடைத்துக்கொண்டு தாவும்போது எதிர்ப்புறமாக வெளியேறும் அந்த நிழல், பிறகு நாம் குடிக்க வேண்டிய மருந்தைக் குடித்துவிட்டுப் போகும்; வேறோரிடத்தில் கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் விழவைக்கும்; கடைசியில் அதை வெட்டினால் நம் உயிரே குறையும், வாளை உறையில் போட்டால்தான் அது நம்மோடு கலக்கும். வீடியோ கேம் வரலாற்றில் இவ்வளவு பொருள் பொதிந்த எதிரி குறைவு என்பது என் உறுதியான கருத்து. நினைவகம் தாராளமாக இருந்திருந்தால் அந்த எதிரி பிறந்தே இருக்க மாட்டான்.

1993இல் வந்த இரண்டாம் பாகத்தில் மெக்னரே இருந்தார். கணினிகள் வளர்ந்திருந்தன, பின்னணிகள் ஓவியங்களாயின, ஒரே நேரத்தில் பல எதிரிகள் பாய்ந்து வந்தார்கள், கேமை முடிக்க இருந்த 60 நிமிடக் கெடு 75 நிமிடமானது. எல்லாம் கூடியது. முதல் பாகத்தில் ஒவ்வொரு வாட்சண்டையும் இருவர் மட்டும் நேருக்கு நேர் நிற்கும் பதற்றமாக இருந்தது. எதிரிகள் கூட்டமாக வந்தபோது அந்தப் பதற்றம் அலுப்பாக மாறியது. நல்ல கேம்தான். ஆனால் முதலாவதன் வெறுமையான நிலவறையில் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும் அந்த அச்சம் அதில் இல்லை.

தொழில்நுட்பத் தடை ஒன்று அழகாக வேடமிட்டு நிற்பதற்கு இன்னொரு சான்று, நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஓயாமல் ஓடிய ஜி.டி.ஏ. (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) சான் ஆண்ட்ரியாஸ். 2004இல் அது வெளியான பிளேஸ்டேஷன் 2இல் முதன்மை நினைவகம் 32 எம்.பி. மட்டுமே. தொலைவை வரைய முடியாததால் அடிவானத்தை மஞ்சள் புகைமூட்டத்தால் மறைத்தார்கள். அந்த மூட்டத்தால் ஊர்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் என்று தோன்றின. ஒரு நகரத்திலிருந்து அடுத்ததற்கு வண்டி ஓட்டுவது உண்மையான நெடும்பயணமாக இருந்தது. 2021 நவம்பரில் அதே கேமை மெருகேற்றி வெளியிட்டபோது மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். மலையுச்சியில் நின்றால் ஒரு நகரமும் அதன் பின்னால் அடுத்த நகரமும் தெரிந்தன. மாநிலமே நாலு தெருவாகச் சுருங்கிவிட்டது. எதிர்ப்பு எழுந்து, பின்னர் வந்த அப்டேட்களில் பழைய சூழலைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இது இரண்டாம் பாகம்கூட இல்லை, அதே கேம்.

அந்தத் தொடரிலேயே 2008இல் நான்காம் பாகம் வந்தபோது நம்மில் பலர் ஏன் திகைத்தோம் என்பதற்கும் காரணம் இப்படித்தான். மூன்றாம் பாகம், வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றும் ரெண்டர்வேர் என்ற என்ஜினில், அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளில், கட்டப்பட்டவை. நான்காம் பாகத்துக்கு, அந்தத் தொடரைச் செய்யும் ராக்ஸ்டார் நிறுவனம் தானே எழுதிய என்ஜினைப் பயன்படுத்தியது. மனிதர்கள் தடுமாறி விழுவதை அந்தந்த நொடியில் கணக்கிடும் யூஃபோரியா என்ற மென்பொருளையும் அதனோடு இணைத்தது. காருக்கு எடை வந்தது, பிரேக் பிடித்தால் நிற்கத் தூரம் தேவைப்பட்டது, திருப்பத்தில் வண்டி சாய்ந்தது. வைஸ் சிட்டியில் நினைத்த மாத்திரத்தில் வண்டியைத் திருப்பிய கைகளுக்கு இது ஏதோ பழுது போலத் தெரிந்தது. உண்மையில் அது மிகுந்த உழைப்பால் கொண்டுவரப்பட்ட மேம்பாடு. ஒரு என்ஜினை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது தாவலின் உயரம், விழும் வேகம், பொத்தானுக்கும் அசைவுக்கும் இடையிலான இடைவெளி என்று நூற்றுக்கணக்கான எண்களைப் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பழைய எண்களை அப்படியே கொண்டுபோனாலும் புதிய என்ஜினில் அவை பழையபடி நடந்துகொள்வதில்லை.

அந்த எண்களில் ஒன்றே ஒன்று மாறினாலும் போதும், ஆடுபவருக்குக் காரணம் தெரியாமலே கேம் கசந்துவிடும் என்பதற்கு டார்க் சோல்ஸ் தொடர் நல்ல பாடம். 2011இல் வந்த முதல் பாகத்தில் அடி விழும் நேரத்தில் உருண்டால், உருளும் அசைவின் ஒரு சிறு பகுதியில் எந்த அடியும் நம்மைத் தொடாது. அந்தப் பாதுகாப்பு எவ்வளவு என்பது நாம் சுமக்கும் கவசத்தின் எடையைப் பொறுத்தது. 2014இல் வந்த இரண்டாம் பாகத்தில் இது அடாப்டபிலிட்டி என்ற தனித் திறனோடு கட்டப்பட்டது. அந்தத் திறனை உயர்த்தாதவர், முதல் பாகத்தில் பழகிய அதே கணத்தில் உருண்டாலும் அடி வாங்குவார். கேமில் இதை எடுத்துச் சொல்பவர் யாரும் இல்லை. வாள் மேலே படாதது போலவும் உயிர் குறைவது போலவும் தோன்ற, "கேம் என்னை ஏமாற்றுகிறது" என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். முதல் பாகத்தை இயக்கிய ஹிடேடகா மியாசாகி இரண்டாம் பாகத்தை நேரடியாக இயக்கவில்லை, அதனால்தான் இப்படி என்று சொல்பவர்கள் உண்டு. குழு மாறியது ஒரு காரணம்தான். ஆனால் அந்தக் காரணத்தோடு நின்றுவிடுவது சோம்பல். அந்தக் குழு எந்த முடிவை மாற்றி எடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். டூம் எடர்னலில் குழு மாறவில்லை, கேம் மாறியதே.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் காரணத்துக்கு வருகிறேன். முதல் பாகம் வெளியான பிறகு அதைச் செய்தவர்களின் மேசைக்குக் குறைகள் வந்து குவிகின்றன. எது எரிச்சலூட்டியது என்பதை ஆடுபவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். அந்த எரிச்சல் வேறு எந்த மகிழ்ச்சியைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை, பெரும்பாலும் அவர்களுக்கே அது தெரியாது. ஃபார் க்ரை 2 (2008) ஆப்பிரிக்க நாடொன்றில் நடக்கும் கேம். அதில் நாயகனுக்கு மலேரியா. அவ்வப்போது கண் இருண்டு மாத்திரை தேட வேண்டும். எதிரியிடமிருந்து எடுத்த துப்பாக்கி துருப்பிடித்திருக்கும், சண்டையின் நடுவில் சிக்கிக்கொள்ளும். வரைபடம் திரையின் மூலையில் வராது. வண்டி ஓட்டிக்கொண்டே காகிதத்தைக் கையில் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். காவலர்களைக் கொன்று சாவடி ஒன்றைத் தாண்டிப் போனால், திரும்பி வரும்போது அங்கே புதிய காவலர்கள் நிற்பார்கள். இந்தக் கடைசிக் குறையைத்தான் எல்லோரும் அதிகம் திட்டினார்கள், அதில் நியாயமும் இருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, அதே மாண்ட்ரியல் யூபிசாஃப்ட் செய்த மூன்றாம் பாகத்தில் இவை அனைத்தும் போய்விட்டன. நோய் இல்லை, துப்பாக்கி சிக்குவதில்லை, திரையின் மூலையில் மினி மேப் நிற்கிறது, கேமராவால் பார்த்துக் குறியிட்ட எதிரி சுவருக்குப் பின்னாலும் தெரிகிறான், பிடித்த முகாம் பிடித்ததாகவே நிற்கிறது. மிகப் பெரிய வெற்றி பெற்ற கேம் அது, எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு சாலைத் திருப்பத்திலும் இருந்த "இந்த நாடு என்னைக் கொல்லப் பார்க்கிறது" என்ற உணர்வு அதில் ஒரு கணமும் இல்லை. அந்த உணர்வைக் குறை என்று ஒருவரும் எழுதி அனுப்பியிருக்க மாட்டார்கள். மலேரியாவையும் துருவையும் எழுதி அனுப்பினார்கள். அவற்றை அகற்றியபோது உணர்வும் சேர்ந்து போயிற்று. இப்படிச் சொல்வதால் எல்லா எரிச்சலும் புனிதம் என்று பொருளல்ல. திரும்பத் திரும்ப முளைக்கும் சாவடிக் காவலர்களை மட்டும் நீக்கி, மற்றவற்றை வைத்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். எது சுமை, எது தூண் என்று பிரித்தறிவதுதான் இரண்டாம் பாகம் செய்பவர்களின் மிகக் கடினமான வேலை.

ஒரு நாகரிகத்தை வளர்த்து எதிரியோடு போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் தொடரில் இந்தத் தூண் மிக எளிய வடிவத்தில் இருந்தது. 1999இன் இரண்டாம் பாகத்தில் மரம் வெட்டுபவர் வெட்டிய மரத்தைச் சுமந்து சென்று பட்டறையில் போட வேண்டும். தங்கமும் கல்லும் உணவும் அப்படியே. நடந்து கழியும் அந்த நேரம் வீண்தானே என்று தோன்றும். ஆனால் பட்டறையைக் காட்டை ஒட்டிக் கட்டுவதா, காடு குறைந்து பின்வாங்கும்போது அடுத்ததை எங்கே கட்டுவது, எதிரியின் மரவெட்டிகள் கூடியிருக்கும் இடம் எது, அங்கே நாலு குதிரை வீரரை அனுப்பினால் அவன் பொருளாதாரம் எவ்வளவு ஆடும் என்று ஆட்டத்தின் பாதிச் சூழ்ச்சி அந்த நடையிலிருந்து கிளைத்தது. 2005இல் அதே என்செம்பிள் ஸ்டூடியோ செய்த மூன்றாம் பாகத்தில் வேலையாட்கள் எதையும் சுமந்து செல்வதில்லை. மரத்தடியில் நின்று வெட்டினாலே கணக்கில் ஏறிவிடும். தொலைவிலுள்ள சொந்த நகரத்திலிருந்து கப்பலில் சரக்கு வந்து சேரும் ஏற்பாடும் வந்தது. துணிச்சலான, சிந்தித்துச் செய்த மாற்றங்கள். ஆனாலும் கல்லூரி விடுதிகளில் கணினிகளைக் கேபிளால் இணைத்து இரண்டாம் பாகத்தை விடிய விடிய ஆடிய கூட்டத்தில் பலர் அதிலேயே தங்கிவிட்டார்கள்.

அந்தக் கேம் இன்றும் உயிரோடு இருப்பது வேறோர் உண்மையைச் சொல்கிறது. 2019இல் அதன் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற மெருகேற்றிய பதிப்பு வந்தது. அடித்தளத்தை மாற்றாமல் அதன் மேல் புதிய நாகரிகங்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2022இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற இணைப்பில் திராவிடர்களும் வந்தார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைத் தனிக் கதையாக ஆடலாம். சுருள்வாள் வீசும் வீரரும் திரிசடை என்ற போர்க்கப்பலும் இருக்க, குதிரைப் படை மட்டும் பலவீனமாக வைக்கப்பட்டிருக்கிறது. கடலில் வலிமை, குதிரையில் குறை என்ற அந்தத் தடையே அந்த நாகரிகத்துக்கு முகத்தைத் தருகிறது. தமிழ் ஆட்டக்காரர் ஒருவருக்கு இருபத்து மூன்று ஆண்டு பழைய கேமில் இப்படியொரு விருந்து கிடைத்தது, அந்தக் கேமின் அடிப்படை விதிகளை யாரும் கலைக்காததால்தான்.

இதற்கு நேர்மாறாக, எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடையைச் சேர்த்தாலும் கேம் முற்றிலும் மாறும். 1998 நவம்பரில் நின்டெண்டோ வெளியிட்ட செல்டா: ஓக்கரினா ஆஃப் டைம் கேமின் என்ஜினையும் உருவங்களையும் பெருமளவு மீண்டும் பயன்படுத்தி 2000 ஏப்ரலில் மஜோராஸ் மாஸ்க் வந்தது. கடைக்காரர், குழந்தை, காவலாளி என்று எல்லா முகமும் பழைய முகம். ஆனால் மூன்று நாளில் நிலா வந்து விழுந்து உலகம் அழியும். அதற்குள் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி முதல் நாளுக்கு வர வேண்டும். வரும்போது நாம் செய்த உதவிகளை ஊர் மறந்திருக்கும், கையிலிருந்த காசும் அம்பும் போயிருக்கும். முதல் கேமில் வயல்வெளியில் குதிரையில் சுற்றித் திரிந்த மனநிலை இங்கே ஐந்து நிமிடம்கூட நிலைக்காது. உணர்வைத் தீர்மானிப்பது கிராஃபிக்ஸோ கதாபாத்திரங்களோ அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. கெடு என்ற ஒரே விதி, பழைய பொருள்களையெல்லாம் துயரம் தோய்ந்தவையாக மாற்றிவிட்டது.

சந்தையின் கணக்கும் உண்டு, அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2003இன் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைமில் சண்டைதான் பலவீனம் என்று பேசப்பட்டது. அடுத்த ஆண்டே வந்த வாரியர் விதினில் இரண்டு கையிலும் ஆயுதம், தெறிக்கும் ரத்தம், கனமான கிடார் இசை, இளவரசனுக்கு வேறு நடிகரின் குரல், பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சான்று. மெக்னர் அதில் பங்கேற்கவில்லை. அதன் போக்கு தனக்குப் பிடிக்கவில்லை என்பதை வெளிப்படையாகவே சொன்னார். இதேபோல, 2005இன் கார்ப் பந்தய கேமான நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டடையும் 2012இல் அதே பெயரில் வந்ததையும் வெவ்வேறு ஸ்டூடியோக்கள் செய்தன. முன்னதில் பதினைந்து பேரை ஒவ்வொருவராக வீழ்த்திக் காரைச் சம்பாதிக்க வேண்டும். பின்னதில் ஏறக்குறைய எல்லாக் காரும் தொடக்கத்திலிருந்தே தெருவோரம் நிற்கின்றன; அருகில் போய் ஏறிக்கொள்ளலாம். தாகம் இல்லாதவனுக்குத் தண்ணீர்ப் பந்தல்.

இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன். முதல் பாகத்தை ஆடியபோது அந்தத் தடைகளின் எல்லை உங்களுக்குத் தெரியாது. அது தெரியாத நிலையில் தடவித் தடவிக் கண்டுபிடித்ததும் அந்த ஆட்டத்தின் ஒரு பகுதி. இரண்டாம் பாகத்தைத் தொடங்கும்போது உங்கள் விரல்களில் பழைய எல்லைகள் பதிந்திருக்கின்றன. புதியதை நீங்கள் கற்பதற்கு முன் பழையதை மறக்க வேண்டியிருக்கிறது. இது வெறும் ஏக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல என்பதற்குச் சென்னையே சாட்சி. ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும் எந்த சி.டி. கிடைத்ததோ அதை ஆடிய தலைமுறை நாங்கள். வெளியான வரிசையில் எதுவும் கைக்கு வரவில்லை. என் நண்பர்களில் பலர் வாரியர் விதினை முதலில் ஆடிவிட்டுப் பிறகுதான் சாண்ட்ஸ் ஆஃப் டைமைக் கண்டார்கள். அவர்களுக்கு வாரியர் விதின்தான் அசல்; துரத்தும் தஹாகா என்ற அசுரனின் அச்சம் இல்லாத முந்தைய பாகம் அவர்களுக்குச் சப்பென்று இருந்தது. முதலில் தொட்ட கேமின் விதிகளைத்தான் கை தாய்மொழியாக எடுத்துக்கொள்கிறது. அது வரிசையில் முதலாவதா, இரண்டாவதா என்று பார்ப்பதில்லை. ஆகவே, இரண்டாம் பாகம் தரம் குறைந்தது என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன், அதை முதலில் ஆடியவர் ஒருவரிடம் பேசிப் பாருங்கள்.

எடர்னலைக் கைவிடாதீர்கள். அதை 2016இன் தொடர்ச்சியாக ஆடாமல், தோட்டாவைச் சேமிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, சங்கிலி ரம்பத்தைப் பொழுதுக்கும் கையில் எடுத்து, ஒவ்வொரு துப்பாக்கியையும் ஓரிரு முறை சுட்டதும் மாற்றிப் பழகுங்கள். துப்பாக்கி மாற்றும் பொத்தான்களை விரலுக்கு எட்டும் இடத்தில் அமைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பழைய கேமைத் திறக்க வேண்டாம், கை குழம்பும். அதன் பிறகு 2025 மே மாதம் வெளியான டூம்: தி டார்க் ஏஜஸுக்கு நீங்கள் போனால் இதே திகைப்பு இன்னொரு முறை வரும், ஏனென்றால் எடர்னலில் பழகிய இரட்டைத் தாவலும் காற்றில் பாயும் வேகமும் அதில் இல்லை, கேடயத்தை ஏந்தித் தரையில் ஊன்றி நின்று, வரும் அடியைத் திருப்பி அடிக்க வேண்டும். அடியைத் தடுக்கக் கிடைக்கும் நேரம், எதிரி வீசும் குண்டுகளின் வேகம், கேமின் மொத்த வேகம் ஆகியவற்றை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வசதியும் அதன் அமைப்புகளில் இருக்கிறது. தொடக்க நிலைகளை அவற்றைத் தொடாமலே ஆடிவிடுங்கள். செய்தவர்கள் வைத்த தடை எது என்று கைக்குத் தெரிந்த பிறகு, உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.